ஹரோல்ட் துரை வீட்டுப் பைன்

ஊரிகம்,
14 ஜூன் 1903

அன்புள்ள ஐடா அக்காவுக்கு,

பியாட்ரிஸ் எழுதுகிறேன். தேவ கிருபையால் அம்மா, சாம்ராஜ் அண்ணன், நான் மூவரும் நலம். தங்கச் சுரங்கத்துத் தூசியில் வந்த அண்ணனுடைய இருமல் மட்டும் போன மாதம் இருந்தபடியே இருக்கிறது. ராணிப்பேட்டை ஆஸ்பத்திரியில் உனக்கு நர்ஸ் உடுப்பு கொடுத்துவிட்டார்களா, தலைக்கும் துணி கட்டுவார்களா என்று அம்மா தினமும் என்னையே கேட்கிறார்கள். பதில் எழுது.

இங்கே ஒரு பெரிய சங்கதி. அம்மா துணி இஸ்திரி போடுகிற மைன்ஸ் அதிகாரி பங்களாவில் ஹரோல்ட் துரையின் துரைசானி போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனார்கள் அல்லவா? அவர்கள் கப்பலில் ஜப்பான் வழியாக வந்தபோது வாங்கி வந்த பைன் மரம் வராண்டாவில் இருக்கிறது. மரம் என்றால் என் முழங்கால் உயரம்தான். ஆனால் வயது அறுபதுக்கு மேல்! அடிமரம் கிழவர் கைபோலத் தடித்து, பட்டை வெடித்து இருக்கிறது. இலையெல்லாம் ஊசி, இரண்டிரண்டாக. கத்தரித்தும் கட்டியும்தான் அதை அப்படிச் சிறியதாக வைத்திருப்பார்களாம். துரைசானி போனபின் யாரும் தொடாததால் தாறுமாறாக வளர்ந்துவிட்டது. துரை தாமே கத்தரிக்கப் போய் ஒரு கிளையை முறித்துவிட்டார்.

துரைசானியுடைய இங்கிலீஷ் கைப்புத்தகம் ஒன்று மரத்தோடு இருக்கிறது. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அதைப் படித்துக்கொண்டே வேலை செய்வார்கள், நான் பக்கத்தில் நின்று கிளையைப் பிடித்துக்கொள்வேன். அம்மா இதைச் சொன்னதும் துரை என்னைக் கூப்பிட்டார். "நீ புஸ்தகம் படி. மரம் பண்ணு. ஒடச்சா நான் கோவம்," என்றார். அவர் முறித்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கிளை நுனியிலும் மெழுகுவர்த்திபோலக் குருத்து நிற்கிறது. அதை அடியோடு வெட்டிவிட்டால் சின்ன ஊசிகளாக மறுபடி வரும் என்று புத்தகம் சொல்லுகிறது. அப்படியே வெட்டினேன். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வெங்கடம்மா அதற்கு 'முசலி பாப்பா' என்று பேர் வைத்திருக்கிறாள். தெலுங்கில் கிழட்டுக் குழந்தை என்று அர்த்தம். "அறுவது வயசாயிட்டு இன்னும் எழுந்து நிக்கல. இதுக்குப் போயி நீ முடி வெட்டுறே பீட்டிம்மா!" என்று சிரிக்கிறாள்.

சிரிக்க முடியாத சங்கதி ஒன்று. அம்மா துரையிடம், "எம்புள்ளைய சுரங்கத்துக்கு மேல வேலைக்கு எடுத்துக்குங்க தொரை. அவங்க அப்பாவையும் அந்த ஷாஃப்ட்டுக் குழிதான் தின்னுச்சி," என்று கேட்டார்கள். துரை மரத்தைப் பார்த்தபடியே, "மரம் நல்லா வரட்டும். பார்க்கலாம்," என்றார்.

அக்கா, நான் இதை நன்றாகச் செய்வேன்.

உன் பிரியமுள்ள தங்கை,
பியாட்ரிஸ்


ராணிப்பேட்டை,
9 ஜூலை 1903

அருமைத் தங்கை பியாட்ரிஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். உடுப்பு கொடுத்துவிட்டார்கள், தலைக்கும் துணி உண்டு. அம்மாவிடம் சொல்.

அந்த மரத்தைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. ஆனால் துரை சொன்ன வார்த்தையை மறக்காதே. நம் மைன்ஸில் பதினைந்து வருஷம் டிரில் மிஷின் பிடித்த ஒருவர் இங்கே என் வார்டில் இருந்தார். அவருக்கும் ஆரம்பத்தில் சும்மா இருமல்தான். மேற்கொண்டு எழுத மனம் வரவில்லை.

அண்ணனுக்கு மிளகுக் கஷாயம் கொடுங்கள். புத்தகத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுக் கத்தரியை எடு.

உன் அக்கா,
ஐடா


ஊரிகம்,
11 அக்டோபர் 1903

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டு மூடுபனி தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி.

வெட்டிய இடத்திலெல்லாம் புதுக்குருத்து வந்து சின்னச் சின்ன ஊசி விட்டிருக்கிறது. புத்தகம் பொய் சொல்லவில்லை! இந்த மாதம் பழைய ஊசிகளைக் களைந்தேன். ஒவ்வொன்றாக, அது வளர்ந்த பக்கமாகவே இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் தோல் கிழியும். உள்ளே வெயில் விழுந்தால்தான் உள்கிளைகள் சாகாமல் இருக்குமாம். பள்ளிக்கூடம் விட்டதும் போய் இருட்டும்வரை உட்காருகிறேன். விரலெல்லாம் பிசின். மிஸ்ஸம்மா என் நோட்டைத் தொட்டுவிட்டு, "என்ன பியாட்ரிஸ், பலாப்பழம் சாப்பிட்டாயா?" என்றார்கள்.

பிறகு கம்பி கட்டும் வேலை. துரை செம்புக் கம்பி கொடுத்தார். அண்ணன் அதை வறட்டி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டுக் கொடுத்தார், அப்போதுதான் கம்பி சொன்னபடி வளையும். கிளையைச் சுற்றிச் சாய்வாகச் சுற்றி, இரண்டு கட்டைவிரலையும் கீழே கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். பட்டையில் கம்பி பதியுமுன் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் பார்க்க வந்தார்.

"ஏன் பீட்டி, இது இன்னா தப்பு பண்ணிச்சின்னு கை கால கட்டுறே?"

"மலைமேல காத்துல வளைஞ்ச மாதிரி தெரியணும்ண்ணே. கஷ்டப்பட்ட மரமாட்டம் இருந்தாத்தான் அழகாம்."

"கஷ்டமா? பங்களா வராண்டால குந்திகினு வேளாவேளைக்குத் தண்ணி குடிச்சிகினு கீது!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. வெங்கடம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

போன புதன்கிழமை பூமி குலுங்கியது. லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் உருண்டன. சுரங்கத்துக்குள் அண்ணன் வேலை செய்கிற லெவலுக்கு அடுத்த அடுக்கில் பாறை வெடித்துச் சரிந்துவிட்டது. அண்ணன் நடந்துதான் வந்தார், ஆனால் காதில் ரத்தம். முகம் கழுவாமல், சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அம்மா என்ன கேட்டும், "ஒண்ணும் இல்லம்மா, உடு," என்பதுதான் பதில். மறுநாள் அதே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அண்ணனை எப்போது மேலே மாற்றுவீர்கள் என்று நான் துரையிடம் போய் நேராகவே கேட்டேன். அவர் மரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு, ஜனவரியில் பெங்களூரில் புஷ்பக் காட்சி இருக்கிறது, துரைசானி அதற்கு இந்த மரத்தை அனுப்ப ஆசைப்பட்டார்கள், அதில் மரம் நன்றாக நின்றால் சாம்ராஜை மேலே இருக்கிற ஒர்க் ஷாப்புக்கு மாற்றுகிறேன் என்றார். அம்மா அவர் காலைத் தொடப் போனார்கள். அவர் நகர்ந்துகொண்டார்.

பியாட்ரிஸ்


ராணிப்பேட்டை,
2 நவம்பர் 1903

அருமைத் தங்கைக்கு,

நான் நலம். ஜனவரி என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே நாட்களைத் தள்ளுகிறேன்.

அப்பாவை மேலே கொண்டுவந்த அன்று நீ கைக்குழந்தை. எனக்கும் அண்ணனுக்கும் நினைவு இருக்கிறது. அதனால்தான் அவர் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பாடத்தை விட்டுவிடாதே, ஆனால் மரத்தை முதலில் பார். இப்படி எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை.

ஐடா


ஊரிகம்,
13 டிசம்பர் 1903

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்! நாங்கள் நலம். நீ அனுப்பிய ரிப்பனை ஆராதனைக்குக் கட்டிக்கொள்வேன்.

நேற்று மிகக் கடினமான வேலை முடிந்தது. மரம் இதுவரை ஆழமான மண்தொட்டியில் இருந்தது. காட்சிக்கு அது பொருந்தாது என்று துரை சென்னையிலிருந்து பீங்கான் தட்டு வரவழைத்தார். நீல நிறம், என் நான்கு விரல் ஆழம். மரத்தைப் பெயர்த்து, வேர்ச்சிக்கலை மூங்கில் குச்சியால் சீவி, மூன்றில் ஒரு பங்கு வெட்டி, தட்டில் வைத்துக் கம்பியால் கட்டினேன். குளிர் முடிந்தபின் மாற்றச் சொல்லுகிறது புத்தகம். ஆனால் அதற்குள் காட்சி முடிந்துவிடும், இங்கே பனியும் உறைவதில்லை, ஆகையால் பாதகமில்லை என்று துரை சொல்லிவிட்டார்.

மணல்தான் கவலையாக இருந்தது. களிமண்ணும் களைவிதையும் அழுகலும் இல்லாத சுத்தமான மணல் வேண்டும் என்று புத்தகத்தில் அழுத்தி எழுதியிருக்கிறது. இங்கே எந்த ஆறு இருக்கிறது? செம்மண்ணைத் தோண்டினால் கல். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தபின் மில்லுக்குப் பின்னால் கொட்டுகிறார்களே, அந்த வெள்ளை மணல்! எத்தனை மழை பெய்தும் அந்தக் குவியலில் ஒரு புல்கூட முளைத்ததில்லை. ஒரு எறும்பு கிடையாது. அதைவிடச் சுத்தமான மணல் இந்த ஊரில் ஏது? அண்ணனிடம் சொன்னேன். ஷிப்டு முடிந்து வரும்போது சாப்பாட்டுத் தூக்கில் நிரப்பிக்கொண்டு வந்தார். "இந்தாம்மா, தங்கம் போக மீதி," என்று கொட்டினார். சல்லடையில் சலித்தேன். மாவாட்டம் இருந்ததை விட்டுவிட்டுக் கொஞ்சம் பருமனாக இருந்ததை எடுத்து வேருக்கு நடுவே குச்சியால் குத்திக் குத்தி நிரப்பினேன்.

நீலத் தட்டில் வெள்ளை மணல், அதன்மேல் அந்தக் கருத்த அடிமரம். அக்கா, நீ பார்க்க வேண்டும். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெங்கடம்மாகூட, "பாப்பா இப்ப ராணியாட்டம் உக்காந்திருக்கா," என்றாள்.

பதில் சீக்கிரம் எழுது.

பியாட்ரிஸ்


ராணிப்பேட்டை,
11 ஜனவரி 1904

பியாட்ரிஸ்,

இங்கே காலரா. மூன்று வாரமாக வார்டை விட்டு வெளியே வரவில்லை. உன் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன்.

அந்த மணலை உடனே எடுத்துவிடு. தங்கத்தைக் கரைக்க அதில் சயனைட் என்ற விஷத்தை விடுகிறார்கள். டாக்டரம்மாவைக் கேட்டேன். ஒரு சிட்டிகை மனிதனைக் கொல்லும் விஷமாம். அண்ணன் அந்தத் தூக்கில் இனிச் சாப்பிடக் கூடாது, வெளியே எறிந்துவிடு. மரத்தைப் பெயர்த்து வேரைக் கழுவு. கையை நன்றாகக் கழுவிக்கொள்.

இன்றைய தபாலிலேயே போடுகிறேன்.

ஐடா


ஊரிகம்,
31 ஜனவரி 1904

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். காலரா உன்னை அண்டாமல் கர்த்தர் காப்பாராக. பழைய தூக்கை எறிந்துவிட்டோம்.

பெங்களூர்க் காட்சி நல்லபடியாக முடிந்தது. துரை முதல் வகுப்பில் போனார். நானும் வெங்கடம்மாவும் மூன்றாம் வகுப்பில் மரத்தை நடுவில் வைத்துக்கொண்டு போனோம். வெங்கடம்மா வண்டிக்குள்ளேயே குடை பிடித்தாள். "ஏம்மா, உள்ளே மழையா பெய்யுது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இது தொரை வீட்டுப் பாப்பா, உன்னாட்டம் கருத்துப்போகக் கூடாது," என்றாள். வண்டியே சிரித்தது. காட்சியில் மரத்துக்கு முதல் பரிசு அட்டை வைத்தார்கள். துரைமார்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

அண்ணனுக்கு ஆர்டர் வந்துவிட்டது. நாளை முதல் ஒர்க் ஷாப். அம்மா ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

பியாட்ரிஸ்


ராணிப்பேட்டை,
15 பிப்ரவரி 1904

என் கண்ணான தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டில் அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அண்ணன் வெயிலில் வேலை செய்கிறார்! இருமல் குறைந்ததா? அவரையே இரண்டு வரி எழுதச் சொல்.

மணலை மாற்றினாயா என்று நீ எழுதவில்லை. மரம் எப்படி இருக்கிறது?

ஐடா


ஊரிகம்,
20 மார்ச் 1904

அக்கா,

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணன் இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒர்க் ஷாப்பில் அவருக்குச் சிநேகிதர்கள் சேர்ந்துவிட்டார்கள், சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே வருகிறார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் மரத்தை ரயிலேற்ற வேண்டும். பெயர்த்தால் காட்சி இல்லை. காட்சி இல்லையென்றால் ஆர்டர் இல்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கிளை நுனியில் இருந்த மொட்டு ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே தூளாக இருந்தது. ஊசியைத் தொட்டேன், இழுக்காமலே கையோடு வந்தது. ஆனால் பச்சையாகத்தான் இருந்தது. பைன் மரம் செத்தபிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும் என்று புத்தகத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. அக்கா, பெங்களூரில் அவர்கள் பரிசு கொடுத்தது பிணத்துக்கு. எனக்குத் தெரியும். தெரிந்தே பக்கத்தில் நின்றேன்.

பிப்ரவரி கடைசியில் ஊசிகள் பழுத்தன. ஒரு வாரத்தில் எல்லாம் செம்பழுப்பு. துரை வராண்டாவில் நின்று கத்தினார். துரைசானி இறந்த அன்றுகூட அவர் அப்படிக் கத்தவில்லை என்று அம்மா சொன்னார்கள். வெங்கடம்மாவைக் கூப்பிட்டார்.

"நீ தண்ணி ஊத்தலே. மரம் செத்துப்போச்சு."

"லேது தொரா! ரோஜும் ஊத்தினேனே! காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பீட்டிம்மா, நீ பாத்தியே. நீயே சொல்லு தொரைக்கு."

நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். தோட்டத்து மூலையில் அவள் இருந்த குடிசையும் பங்களாவுடையதுதானே, அதையும் காலி செய்யச் சொன்னார்கள். போகும்போது என்னைத் திட்டவில்லை. "நீ சின்னப் புள்ள, பயந்துட்டே," என்று என் தலையைத் தொட்டாள்.

உண்மையைச் சொன்னால் அண்ணனைக் கீழே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் தெருவில். நான் என்ன செய்யட்டும் அக்கா? நீ சொல்லுகிறபடி செய்கிறேன்.

பியாட்ரிஸ்


ராணிப்பேட்டை,
10 ஏப்ரல் 1904

பியாட்ரிஸுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து மறுபடி எழுதுகிறேன்.

பேசாமல் இரு. அண்ணனிடமும் சொல்லாதே. வெங்கடம்மாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைக்கும். நமக்கு வேறு அண்ணன் கிடைக்க மாட்டார்.

இதை எழுதிய நானே நாளைக் காலையில் வார்டில் நின்று ஜெபம் நடத்த வேண்டும்.

ஐடா


ஊரிகம்,
26 ஏப்ரல் 1904

அன்புள்ள ஐடா அக்காவுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறார்கள், ஆனால் ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. நீ சொன்னபடி நான் பேசாமல்தான் இருந்தேன். அதை நீ நம்ப வேண்டும்.

போன வாரம் அண்ணன் வேலை முடிந்து வரும்போது, ரயில் பாதையோரம் இஞ்சின் கொட்டிய சாம்பலில் ஒரு பெண் கரி பொறுக்குவதைப் பார்த்திருக்கிறார். நிமிர்ந்தால் வெங்கடம்மா. ஸ்டேஷன் கொட்டகையில் படுத்துக்கொள்கிறாளாம். அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பீட்டி, இங்க வா. மில் தண்ணியக் குடிச்சிட்டு நேத்து ஒரு மாடு செத்துப்போச்சு. ஒர்க் ஷாப்புல அதான் பேச்சு. அந்த மரம் எதால செத்துச்சி?"

நான் அடுப்பை ஊதப் போனேன்.

"நான் கொண்டாந்த மணலு தானே?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாம் சொல்லிவிட்டேன். உன் கடிதங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "எனக்கோசரம் பண்ணினே. தெரியுது. ஆனா அந்தப் பொம்பளையக் கரி பொறுக்க உட்டுட்டு நான் எப்படி மேல நின்னு மூச்சு உடுவேன், சொல்லு," என்றார். அம்மா வாசலை மறித்தார்கள். "போவாதடா. உங்கப்பாவ நெனச்சிக்கோ." அண்ணன் அம்மாவின் கையை மெதுவாக விலக்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

துரை வராண்டாவில் இருந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "தொரை, வெங்கடம்மா மேல தப்பு இல்ல. மில் மணலு நான்தான் எடுத்தாந்தேன். தங்கச்சி சின்னது, அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்," என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். "பெங்களூருக்குப் போகும் முன்பே தெரியும்."

துரை நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அண்ணனிடம்தான் பேசினார். மில் மணலில் இன்னும் தங்கத்தூள் இருக்கிறதாம், அதை வெளியே கொண்டுபோவது சட்டப்படி திருட்டாம். "போலீஸ் சொன்னா ஜெயில். நான் சொல்லலே. ஒர்க் ஷாப் வேணாம். திங்கக்கிழமை பழைய லெவல் போ." அதைத் தயவு என்றே அவர் நினைத்தார். அண்ணனும் சலாம் வைத்தார்.

துரை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டதும் வெங்கடம்மா தன் குடிசைக்குத் திரும்பிவிட்டாள். நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் எங்கே என்று கேட்டாள். கீழே என்று சொன்னதும் கொண்டுவந்த முருங்கைக்கீரையை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா அந்தக் கீரையைத் தொடவில்லை.

நேற்று விடியற்காலையில் அண்ணன் புதுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஐடாவுக்கு எழுது, நான் நல்லாக் கீறேன்னு," என்றார். எழுதிவிட்டேன்.

திட்டியாவது ஒரு கடிதம் போடு, அக்கா. இன்று மத்தியானம் பூமி லேசாக ஆடியது. எந்த ஷாஃப்ட் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. இப்போது ஷிப்டு சங்கு ஊதிவிட்டது, அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஷாஃப்ட்டுக்குப் போய்விட்டார்கள். ஆட்களை ஏற்றுகிற கேஜ் மேலே வருகிற நேரம். நானும் போய் நிற்க வேண்டும்.

பியாட்ரிஸ்